ஒற்றைச் செல் ஜீனோம் வேண்டுமா? ஃபார்மலினைத் தொடாதீர்கள்

"ஒற்றைச் செல் ஜீனோம் தேவை", அதாவது நீரிலுள்ள ஒரே ஒரு நுண்ணுயிர்ச் செல்லின் முழு டிஎன்ஏ வரிசை தேவை என்ற குறிப்போடு, ஃபார்மலின் நெடி அடிக்கும் குப்பிகள் ஆய்வகத்துக்கு இன்னமும் வந்துகொண்டேயிருக்கின்றன. ஏரி நீர், காயல் நீர், கடல் நீர் எல்லாவற்றிலும் இதே தவறு. படகு, ஆள், பணம் என்று எவ்வளவோ செலவழித்து எடுத்த மாதிரி, கரையேறுமுன்பே கெட்டுவிடுகிறது.

கேட்டால், "ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணிப் பிரிக்கும் கருவி) நன்றாகத் தெரிகிறதே" என்பார்கள். தெரியும்தான். செல்களை எண்ணுவதற்கு ஃபார்மலின் போன்ற ஆல்டிஹைடு நல்ல பொருள். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயம் பிடிக்கும், திரையில் புள்ளிக்கூட்டம் தெளிவாகப் பிரியும், கருவியும் தட்டிலுள்ள சிறு குழிகளில் குழிக்கு ஒரு செல்லாகப் போட்டுவிடும். அதுவரை எந்தக் குறையும் கண்ணில் படாது. ஆனால் ஃபார்மலின் புரதத்தையும் டிஎன்ஏவையும் பிணைத்துப் பூட்டிவிட்டது. செல்லை உடைக்கப் போடும் காரம் அந்தப் பூட்டை முழுதாகத் திறக்காது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான ஃபை29 பாலிமரேஸ் வழியில் முட்டி நின்றுவிடும். ஈ.கோலை செல் ஒன்றில் இருப்பதே ஏறக்குறைய 5 ஃபெம்டோகிராம் டிஎன்ஏதான். அது நகலாகாவிட்டால் அந்தக் குழியில் எடுக்க வேறெதுவும் இல்லை.

குழியில் நகலெடுப்பே முழுதாக நின்றுபோனாலாவது தோல்வி என்று புரியும். நிற்பதில்லை. வேதிப்பொருள்களோடு வந்த அந்நிய டிஎன்ஏ, போட்டியில்லாமல் பெருகத் தொடங்கும். வரிசைப்படுத்திப் பார்த்தால் ரால்ஸ்டோனியா, டெல்ஃப்டியா என்ற மாசு பாக்டீரியாக்கள், கூடவே மனித டிஎன்ஏ. இதைத் தங்கள் ஏரியின் நுண்ணுயிர் என்று எண்ணி ஆய்வுக்கட்டுரை எழுதத் தொடங்கிவிடாதீர்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். 100 மடங்கு செறிவுள்ள டிஇ பஃபர் (டிஎன்ஏவைக் காக்கும் டிரிஸ்-இடிடிஏ கரைசல்) 20 மி.லி., தூய நீர் 60 மி.லி., கிளிசரால் 100 மி.லி. கலந்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து வையுங்கள். நீர் எடுத்தவுடன் 1 மி.லி. நீருக்கு இதில் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். கிளிசரால் 5 விழுக்காட்டில் வந்து நிற்கும். பிறகு –80 டிகிரியிலோ திரவ நைட்ரஜனிலோ உறையவையுங்கள். அனுப்பும்போது உலர்பனி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிசரால் இல்லாமல் சும்மா உறையவைப்பதும் கூடாது. பனிப்படிகம் செல்லைக் கிழிக்கும். கசிந்த டிஎன்ஏ நீரில் மிதந்து, வேறொரு செல்லின் துளியோடு சேர்ந்து குழிக்குள் விழும். உருக்கி மறுபடி உறையவைத்தாலும் இதே கேடுதான். அதனால் ஒரே பெரிய குப்பியாக வேண்டாம், சிறுசிறு கிரையோவயல்களாக (உறைகுளிர் தாங்கும் குப்பிகள்) பிரித்து வையுங்கள். வண்டல் மாதிரியானால் துகள்களிலிருந்து செல்களைப் பிரித்து, கருவியில் ஏற்றுமுன் 40 மைக்ரான் வலையில் வடித்தேயாக வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் முனை அடைத்துக்கொள்ளும்.

செல் போடாத வெற்றுக் குழிகளை விடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்காவின் பிகலோ ஆய்வகம் 384 குழித் தட்டில் 317 குழிகளுக்கு ஒவ்வொரு செல், 3 குழிகளுக்குப் பத்துப் பத்துச் செல், மீதி 64 குழிகளை வெறுமையாக விடும் அமைப்பைக் கையாண்டது. அந்த வெற்றுக் குழிகளில் எப்போது, என்ன பெருகுகிறது என்று பார்த்த பிறகுதான் மற்றக் குழிகளை நம்பலாம்.

ஏற்கெனவே ஃபார்மலினில் போட்டுவிட்டீர்களா? கொட்டிவிட வேண்டாம். செல் எண்ணிக்கைக்கும் ஃபிஷ் (FISH) ஆய்வுக்கும், அதாவது ஒளிரும் குறிகளால் செல்களை அடையாளம் காணும் முறைக்கும், அது உதவும். ஜீனோமுக்கு மட்டும், தயவுசெய்து, இன்னொரு முறை போய் நீர் எடுத்து வாருங்கள்.