தலையணையை எடுத்துவிடுங்கள்: பெரிய தீக்காயம் ஆறும் மாதங்களில் கவனிக்க வேண்டியவை

கழுத்தில் தீக்காயம் பட்டவருக்கு எப்படிப் படுத்தால் வலி குறையும்? தலைக்கு இரண்டு தலையணை வைத்து, முகவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி படுத்தால் குறையும். காயம்பட்ட தோல் அப்போது இழுபடாது. வீட்டில் இருப்பவர்களும் பாசத்தோடு அதையே செய்துகொடுக்கிறார்கள். சில வாரங்களில் புண் ஆறிவிடும். ஆனால் அவரால் அண்ணாந்து பார்க்க முடியாது. கீழுதடு கீழே இழுபட்டு வாய் சரியாக மூடாது. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

தீக்காயப் பிரிவில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விதி இது: உடம்புக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையில்தான் தோல் இறுகிப்போகும். வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் செய்யப்போகிற பராமரிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தை எதிர்த்துத்தான்.

ஆறுகிற புண்ணுக்குள் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் இருக்கின்றன. புண்ணின் ஓரங்களை உள்ளே இழுத்து மூடுவது அவற்றின் வேலை. புண் மூடியதும் அவை உடனே ஓய்ந்துவிடுவதில்லை, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஆறு மாதங்களில் இந்த இழுப்பு மிக அதிகம். தழும்பு முழுதாக முதிர ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகலாம். கட்டுப் பிரித்த அன்று வழவழப்பாகத் தெரிகிற தோல், இரண்டு மூன்று மாதத்தில் சிவந்து, தடித்து, கயிறு போல எழும்பும். "நன்றாகத்தானே ஆறியது, இப்போது ஏன் இப்படி?" என்று பலர் பயந்துபோகிறார்கள். இது தடித்த தழும்பு உருவாகிற வழக்கமான போக்கு.

எந்தக் காயம் இப்படித் தடிக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். இரண்டு வாரத்துக்குள் ஆறுகிற காயம் பெரும்பாலும் தடிக்காது. மூன்று வாரத்தைத் தாண்டினால் தடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்டு அறுவை வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது, "தானாக ஆறட்டுமே" என்று தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் தழும்பைத் தடிமனாக்குகிறது. காயம் எவ்வளவு ஆழமாகும் என்பதோ முதல் சில நிமிடங்களில் செய்கிற முதலுதவியையும் பொறுத்தது. பட்ட இடத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மோதிரம், வளையல்களை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு, மற்ற இடங்களைப் போர்த்தி உடல் சில்லிடாமல் பாருங்கள்.

இனி, படுக்கும் முறை. கழுத்துக் காயத்துக்குத் தலையணை கூடாது. தேவையானால் தோளுக்குக் கீழே மடித்த துண்டு வைத்து, தலை லேசாகப் பின்னால் சாயும்படி படுக்கவையுங்கள். அக்குளில் காயம் என்றால் கையை உடம்போடு ஒட்டி வைக்காமல், 90 பாகை பக்கவாட்டில் விலக்கி மெத்தை மேல் தாங்க வேண்டும். முழங்கை நேராக, முழங்கால் நேராக, பாதம் செங்குத்தாக நிற்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் "பாவம், கொஞ்சம் தாங்கலாக இருக்கட்டும்" என்று வைக்கிற தலையணையும் கழுத்துத் தலையணை போன்றதுதான்.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புறங்கையில் காயம்பட்டால் மணிக்கட்டு தொங்கும், விரல்கள் தொடங்குகிற மூட்டு பின்னோக்கி வளைந்து விரல் மடங்கும், கட்டைவிரல் உள்ளே ஒட்டும். இப்படியே விட்டால் பறவையின் நகம் போலக் கை நின்றுவிடும். மூட்டை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் அச்சான ஸ்பிளின்ட் இதற்கு நேர் எதிராக வைக்கிறது: மணிக்கட்டு லேசாக மேல்நோக்கி, விரல்கள் தொடங்குகிற மூட்டுகள் 70 முதல் 90 பாகை வரை மடங்கி, விரல்கள் நேராக, கட்டைவிரல் விலகி இருக்கும். உள்ளங்கையில் காயம் என்றால் கணக்கே வேறு, கை முழுதாக விரிந்திருக்க வேண்டும். உள்ளங்கைக் காயத்துக்குப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் மட்டும் போதாது. அது மூடுகிற பயிற்சி; இவருக்கு வேண்டியது திறக்கிற பயிற்சி. கட்டுப் போடும்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். சேர்த்துச் சுற்றினால் விரலிடுக்குத் தோல் ஒட்டிவிடும்.

ஸ்பிளின்டைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். அழுத்தத்தால் வந்த சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் தெரபிஸ்டிடம் சொல்லி மாற்ற வேண்டும். பெரும்பாலான ஸ்பிளின்ட்கள் சூட்டில் இளகி வடிவம் மாறும் பிளாஸ்டிக். வெந்நீரில் கழுவக்கூடாது, அடுப்பருகில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைக்கக்கூடாது.

பயிற்சி ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பத்து நிமிடமாக ஐந்து தடவை செய்வது மேல். முதலில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். காய்ந்த தழும்பு இழுத்தால் வெடிக்கும். டாக்டர் தந்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போடுங்கள். மெதுவாக நீட்டும்போது ஒரு கட்டத்தில் தழும்பு வெளுக்கும். அங்கே நிறுத்தி, 20, 30 விநாடி பிடித்து, விடுங்கள். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பெரிய காயங்களில் முழங்கையைச் சுற்றிக் கால்சியம் படிந்து எலும்பு போலக் கட்டியாகிவிடுவதுண்டு. முரட்டு இழுப்பு அந்த ஆபத்தைக் கூட்டலாம். புதிதாகத் தோல் ஒட்டிய இடத்தை மட்டும் முதல் ஐந்து நாள் போல, டாக்டர் சொல்லும்வரை அசைக்கவே கூடாது. காலில் ஒட்டியிருந்தால், நிற்பதற்கு முன் கால்விரலிலிருந்து மேல்நோக்கி எலாஸ்டிக் கட்டு போடுங்கள். இல்லையென்றால் இரத்தம் தேங்கி, ஒட்டிய தோல் ஊதா நிறமாகிக் கொப்புளித்துவிடும். ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த தொடைதான் காயத்தைவிட அதிகமாக வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும்.

புண் முழுதாக மூடியதும், தழும்பை இறுக்கி அமுக்கிவைக்கும் அழுத்த உடை. அளவெடுத்துத் தைக்கும் இது குளியலுக்கும் மசாஜுக்கும் தவிர, நாளெல்லாம், அதாவது சுமார் 23 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். இரண்டு செட் வாங்குங்கள், ஒன்று துவைக்கும்போது மற்றது வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். தளர்ந்த உடையைப் போட்டிருந்தாலும் போடாததற்குச் சமம். புழுக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டிருப்பது பெரிய சிரமம்தான், அதை யாரும் லேசாகச் சொல்ல வேண்டாம். எப்போது நிறுத்தலாம்? தழும்பை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்து உடனே சிவந்தால் இன்னும் வேலை நடக்கிறது. சிவப்பு தணிந்து, மெத்தென்று, தட்டையாகிவிட்டால் டாக்டரிடம் பேசலாம்.

அரிப்பு இரவில் கொல்லும். சொறிந்தால் புதுத்தோல் பிய்ந்து மறுபடியும் புண்ணாகும். நகத்தை ஒட்ட வெட்டி, ஈரத்துணி ஒற்றி, ஒரு நாளில் பல தடவை மாய்ஸ்சரைசர் போட்டும் அடங்கவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். இதற்கு மருந்துகள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் புரதக் கணக்கைப் பாருங்கள். பெரிய காயத்துக்கு எடை கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதால், சாப்பாட்டோடு புரதப் பவுடரும் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால், உடம்பு தன் தசையையே கரைத்துப் புண்ணை ஆற்றுகிறது என்று அர்த்தம்.

முகத்தில் காயம்பட்டவர் வீட்டில் கண்ணாடியை ஒளித்துவைக்கிறார்கள். அவர் எப்படியும் ஒருநாள் பார்ப்பார், தனியாகப் பார்ப்பார். அதைவிட, அவர் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் அல்லது ஆலோசகர் துணையோடு காட்டுவதே நல்லது. கெட்ட கனவு, அடுப்புச் சத்தத்துக்கே திடுக்கிடுவது, யாரையும் பார்க்க மறுப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றே.

காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, துர்நாற்றம் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். பல ஆண்டு கழித்துப் பழைய தழும்பில் ஆறாத புண் வந்தாலும் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும்.

குழந்தைக்குக் காயம் என்றால் இரண்டாண்டோடு முடியாது. எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது. ஐந்து வயதில் சரியாக இருந்த அக்குள், பத்து வயதில் இழுக்க ஆரம்பிக்கலாம். சுவரில் உயரம் குறிக்கிற அன்றைக்கே, கை காதைத் தொடும் அளவுக்கு மேலே போகிறதா என்றும் பாருங்கள். வளர்ச்சி நிற்கும்வரை.