அணிசேராமைய நடுநிலைமைன்னு எழுதாதீங்க

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பர்மா என்ன பாடு பட்டுச்சுன்னு தமிழ்ல யார் பேசினாலும் ஒரு வரி தப்பாம வந்துடுது, "ஊ நூ காலத்துல பர்மா நடுநிலை நாடா இருந்தது"ன்னு. ஊ நூ, சுதந்திர பர்மாவோட முதல் பிரதமர். போன வாரமும் தமிழ்நாட்டு யூடியூப் சேனல் ஒன்னுல அதே வரி. ரங்கூன்ல பொறந்து வளர்ந்த நம்ம ஆளுங்களே இப்ப அதை அப்படியே திருப்பிச் சொல்றாங்க, அதான் எழுத உக்காந்தேன். இது சின்னத் தப்பு இல்ல. 1948லேருந்து 1962 வரைக்குமான அந்தப் பதினாலு வருஷ வெளியுறவுக் கொள்கையவே தலைகீழா காட்டுற தப்பு.

சொல்லோட கதைய சுருக்கமா சொல்லிடுறேன். இங்கிலீஷ்ல நான்-அலைன்மென்ட். அலைன்ங்கறது பிரெஞ்சு வழியா வந்தது, அடியில இருக்கறது லத்தீன் 'லினியா', அதாவது கோடு, வரிசை. வரிசையில போய் நிக்கறது அலைன்மென்ட், நிக்கமாட்டேன்னு சொல்றது நான்-அலைன்மென்ட். பனிப்போர் காலத்துல அந்த வரிசைங்க ரெண்டு, அமெரிக்க அணி, சோவியத் அணி. தமிழ்ல வரிசைக்கும் படை நிக்கிற ஒழுங்குக்கும் 'அணி'ன்னு ஏற்கனவே பேர் இருக்கு. அணிவகுப்பு, அணிதிரண்டான், தேர்தல் வந்தா மூன்றாவது அணி, எல்லாம் அதே அணிதான். அதுல சேராதது அணிசேரா நாடு, அந்தக் கொள்கை அணிசேராமை. இவ்வளவு கச்சிதமா மூலத்தோட ஒட்டி நிக்கிற கலைச்சொல் தமிழ்ல ரொம்ப கம்மிங்க. கையில இருக்கற அதை விட்டுட்டு நடுநிலைக்கு ஏன் ஓடணும்?

ஏன் ஓடினாங்கன்னா, 1950கள்ல இங்கிலீஷ் பத்திரிகைங்க பர்மா, இந்தியா, இந்தோனேசியா இவங்க கொள்கைய நியூட்ரலிசம்னு எழுதுவாங்க. மேற்கு நாட்டுக்காரங்க அதை கொஞ்சம் இளக்காரமாத்தான் சொன்னாங்க, எங்க பக்கமும் வரல, எதிரி பக்கமும் போகல, முதுகெலும்பு இல்லாதவங்கன்ற தொனியில. தமிழ்ல பெயர்த்தவங்க அகராதியில நியூட்ரலுக்கு நடுநிலைன்னு போட்டிருக்கறத பாத்து எழுதிட்டாங்க. அந்த இளக்காரமும் சேர்ந்தே உள்ள வந்துடுச்சு.

நடுநிலைமை பெரிய சொல், அதை நான் தாழ்த்தல. குறள்ல நடுவு நிலைமைன்னு தனி அதிகாரமே இருக்கு. அதுக்கு பரிமேலழகர் சொல்ற விளக்கத்த பாருங்க: பகை, நொதுமல், நட்பு இந்த மூணு பேர்கிட்டயும் அறம் தவறாம ஒரே மாதிரி நிக்கறது. பகையும் இல்லாம நட்பும் இல்லாம இருக்கறவனுக்கு அங்க பேர் நொதுமல். அவன் வேற, நடுவுநிலைமை உள்ளவன் வேற. நடுவுநிலைமை தீர்ப்பு சொல்றவனோட குணம், தராசு பிடிக்கிறவனோட குணம். அதனால இங்கிலீஷ் நியூட்ரலுக்கே நடுநிலை சரியான சொல்லான்னு எனக்கு சந்தேகம் உண்டு, நொதுமல்தான் பக்கத்துல வருது. நியூட்ரானுக்கு நொதுமின்னு சிலர் எழுதறது இந்த வேர்லதான். சரி, சுவிட்சர்லாந்து 1815லேருந்து எந்தப் போர்லயும் சேரமாட்டேன்னு மத்த நாடுகளும் ஒத்துக்கிட்ட ஒரு நிலை வச்சிருக்கே, அதை நடுநிலை நாடுன்னு பழகிட்டோம், இருக்கட்டும். ஆனா பர்மா சுவிட்சர்லாந்து இல்ல.

பர்மா என்ன செஞ்சதுன்னு பாருங்க. 1948 ஜனவரி 4 சுதந்திரம், காமன்வெல்த்துல சேரல. அதுக்கு முந்தின வருஷம் ஜூலை 19 சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானையும் மந்திரிங்களையும் சுட்டுக் கொன்னாச்சு. 1948 மார்ச் மாசம் கம்யூனிஸ்ட் கலகம், 1949 ஜனவரியில கரேன் இனத்தவரோட கலகம், ரங்கூன் வாசல்ல இருக்கற இன்செயின்லயே மாசக்கணக்கா சண்டை. போர்ல ரெண்டு தடவ படை ஏறி இறங்கின நாடு, துறைமுகம் பாலம் ரயில் எல்லாம் நாசம், போருக்கு முன்னாடி வருஷம் முப்பது லட்சம் டன் அரிசி அனுப்பின ஊர் அதுல பாதி அனுப்பவே திணறுது. இந்த நிலையில 1949 டிசம்பர்ல மக்கள் சீனாவ அங்கீகரிக்குது, கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகள்ல முதல் ஆளா. 1950ல தென்கொரியாவுக்கு ஐநா உதவ போனது சரின்னு ஆதரிக்குது. 1951 பிப்ரவரியில சீனாவ ஆக்கிரமிப்பாளர்னு ஐநா முத்திரை குத்தும்போது வேணாம்னு எதிர்த்து ஓட்டு போடுது, அப்படி எதிர்த்தவங்க சோவியத் அணியும் இந்தியாவும் பர்மாவும்தான். ஒரு தடவ அந்தப் பக்கம், ஒரு தடவ இந்தப் பக்கம். நடுநிலைன்னா வாயத் திறக்காம இருக்கறதுன்னு இன்னைக்கு ஆயிடுச்சு, அப்படி இருந்தா ஓட்டே போட்டிருக்காது. அது விஷயத்துக்கு விஷயம் தானே முடிவெடுத்தது, யார் வரிசையிலயும் போய் நிக்கல, அவ்வளவுதான்.

ஷான் மாநிலத்துல, சீன உள்நாட்டுப் போர்ல தோத்து ஓடிவந்த கோமிந்தாங் படை வந்து உக்காந்தப்ப இன்னும் தெளிவா தெரியும். அவங்களுக்கு அமெரிக்கா பின்னாடி இருக்குன்னு சந்தேகம் வந்ததும் 1953ல பர்மா ஐநாவுல புகார் கொடுத்துச்சு, அமெரிக்க உதவியே வேணாம்னு நிறுத்திடுச்சு. காசு இல்லாத நேரத்துல, அரிசி விலை சரியிற நேரத்துல! அடுத்த வருஷம் அமெரிக்கா தலைமையில சியாட்டோங்கற ராணுவக் கூட்டணி வந்தப்ப அதுலயும் சேரல. அப்புறம் வாங்க ஆள் இல்லாத அரிசிய சோவியத் பக்கத்து நாடுகளுக்கு பண்டமாற்றா கொடுத்து, பதிலுக்கு வந்த சிமெண்ட் ரங்கூன் துறைமுகத்துல வைக்க இடம் இல்லாம குவிஞ்சு மழைக்காலத்துல மூட்டை மூட்டையா கெட்டியாகிப் போச்சு. உள்நாட்டுக் கஷ்டமும் வெளிநாட்டுக் கொள்கையும் ஒன்னுக்குள்ள ஒன்னு இப்படி பின்னிக் கிடந்துச்சு. அதுக்குப் பேர் நடுநிலையா? மேசையில கைய கட்டிக்கிட்டு உக்காந்தவனுக்கு சொல்ற பேர இவ்வளவு அலைஞ்ச நாட்டுக்கு வைக்கறது நியாயமே இல்ல.

ஊ நூ பர்மாவ கள்ளிச் செடிங்களுக்கு நடுவுல மாட்டின பிஞ்சு சுரைக்காய்னு சொன்னாரு. அதைக் காட்டி பாருங்க அவரே நடுவுலன்னு சொல்லிட்டாருன்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணினாரு. ஐயா, நடுவுல இருக்கறது பூகோளம். அதுக்கும் நடுநிலைக்கும் என்ன சம்பந்தம்? முள்ளு குத்தாம பொழைக்கணுமேன்னுதான் அந்த மனுஷன் பேசினது.

பர்மிய மொழியிலயே இது ரெண்டும் ரெண்டு சொல். 'ச்சாநே'ன்னா இடையில இருக்கறது, அது நியூட்ரல். 'பெக்மலைக்'ன்னா பக்கம், இல்லை, பின்தொடர், அதாவது எந்தப் பக்கத்துக்கும் பின்னால போகாதது, அது நான்-அலைன்ட். எங்க கோயில் ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புல ஒரு பொண்ணு நோட்டக் கொண்டுவந்து காட்டுச்சு. இடது பக்கம் ரெண்டு பர்மியச் சொல்லும் மேல ஒன்னு கீழ ஒன்னா அழகா எழுதி, வலது பக்கம் ரெண்டுக்கும் எதிர்ல நடுநிலை, நடுநிலைன்னு போட்டு, ரெண்டாவதுக்குப் பக்கத்துல பென்சில்ல கேள்விக்குறி. "சயா, ரெண்டும் எப்படி ஒன்னாகும்?"னு கேக்குது. சயான்னா பர்மியத்துல வாத்தியார். பிள்ளைக்கு பட்டது பெரிய பெரிய மொழிபெயர்ப்பாளருக்கு படல பாருங்க.

இன்னொரு போட்டிச் சொல் 'கூட்டுச்சேரா நாடுகள்'. இதுவும் எனக்குப் பிடிக்கல. கூட்டுங்கறது எந்தக் கூட்டும் ஆகும். பர்மா ஐநாவுல சேர்ந்தது, வளர்ச்சி உதவிக்கான கொழும்புத் திட்டத்துல சேர்ந்தது, 1955ல ஆசிய ஆப்பிரிக்க நாடுகளோட பாண்டுங் மாநாட்டக் கூட்டின அஞ்சு நாட்டுல ஒன்னு. கூட்டு சேர்ந்துக்கிட்டேதான் இருந்துச்சு. சேராதது ராணுவ அணியிலதான். 'அணிசாரா'ன்னு எழுதறவங்களோட எனக்குச் சண்டை இல்ல, ஆனா சார்றதுன்னா சாயறது, பர்மா அப்பப்ப சாயத்தான் செஞ்சுச்சு.

இப்படி ஒரு சொல்லுன்னு இல்ல, அந்தக் காலத்தப் பத்தி தமிழ்ல வர்ற எல்லாத்துலயும் இந்த அலட்சியம் இருக்கு. 1954ல ஜப்பானோட செஞ்ச ஒப்பந்தத்துல வந்த 20 கோடி டாலர 'ஜப்பான் உதவி'ன்னு எழுதறாங்க. அது போர் இழப்பீடுங்க! நாட்டை நாசம் பண்ணினவன் பொருளாவும் வேலையாவும் திருப்பிக் கொடுத்தது, பலுச்சாங் மின் நிலையம் அதுல வந்ததுதான். உதவின்னு எழுதினா கடன்பட்டவங்க நாமன்னு ஆயிடும். மொழிபெயர்க்கறவங்க இங்கிலீஷ் வாக்கியத்த மட்டும் பாக்காம யார் யாருக்கு என்ன செஞ்சாங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தா போதும், சொல் தானா வரும்.

எழுதும்போது 'அணிசேரா' சேர்த்தே எழுதுங்க. சேராதங்கறது சேரான்னு குறைஞ்சு வர்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அது, பின்னால ஒரு பெயர் வேணும். அதனால 'அணிசேரா நாடுகள் இயக்கம்'னு முழுசா எழுதறது நல்லது, 'அணிசேரா இயக்கம்'னா இயக்கமே அணி சேராததுன்னு ஆகும். அந்த இயக்கத்தோட 1979 ஹவானா மாநாட்டுல பர்மா கிளப்பின தகராறே அதான், இயக்கம் சோவியத் அணிப் பக்கம் போயிடுச்சுன்னு சொல்லி விலகுச்சு, 1992லதான் திரும்ப வந்துச்சு. அந்த விலகல நடுநிலைங்கற சொல்ல வச்சு ஒரு வாக்கியத்துல எழுதிப் பாருங்க, ஏதோ தீர்ப்புல பாரபட்சம் நடந்த மாதிரி வரும். அணிங்கற சொல்ல வச்சு எழுதுங்க, ஒரே வரியில முடிஞ்சுடும்.