ஜாமீன் பத்திரத்தை மகன் படித்துப் பார்த்துவிட்டாரா?

"சார், என் பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான். எல்லாப் பக்கமும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொன்னான்." வங்கி நோட்டீஸோடு வக்கீலான என்னிடம் வந்து உட்காருபவர்கள் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். போன வாரம் வந்தவர் மைத்துனரின் லேத் பட்டறைக்கு ஜாமீன் போட்டவர். முதலில் எடுத்த ஓவர்டிராஃப்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) மைத்துனர் ஒழுங்காகக் கட்டிவிட்டார். பிறகு அதே கணக்கில் எடுத்த பணம்தான் நின்றுபோனது. "முதல் பணத்தோட என் ஜாமீன் தீர்ந்துபோச்சே" என்பது இவர் கட்சி.

வங்கி தந்த நகலை வாங்கிப் பார்த்தேன். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘இன்டெம்னிஃபை’ எல்லாவற்றுக்கும் மகன் பென்சிலால் ஓரத்தில் தமிழ் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை. ‘கன்டினியூயிங் கேரன்ட்டி’, அதாவது தொடர் ஜாமீன், என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. அதில் தெரியாதது என்ன இருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறார்.

இதைத்தான் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆபீஸ் ஆங்கிலம் வேறு, பத்திர ஆங்கிலம் வேறு. புரியாத சொல் வந்தால் எவரும் நின்று கேட்டுவிடுவார்கள். மாட்டிவிடுவது தெரிந்த சொல். ‘கன்சிடரேஷன்’ என்றால் இங்கே அக்கறை அல்ல, மறுபயன்; ஒன்றுக்குப் பதிலாகக் கிடைப்பது. குத்தகைப் பத்திரத்தில் ‘டிட்டர்மின்’ என்று வந்தால் குத்தகை முடிவுக்கு வருகிறது என்று பொருள். ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்ற இடத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆளுக்குக் கால் பங்கு என்று நினைக்கிறார்கள். இல்லை ஐயா, நால்வரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். பெரும்பாலும் சம்பளக்காரர்தான் முதலில் சிக்குவார்.

அகராதியை மனப்பாடம் செய்வதால் இது வராது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து, பிரிவுகளுக்குக் கீழே இருக்கும் உதாரணங்களைப் படியுங்கள். அரசின் சட்டத் தளமான இந்தியா கோட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள், அது வேறு கதை. 129 ஆவது பிரிவில் ஒரு தேயிலை வியாபாரி வருகிறார். அவர் அவ்வப்போது கொடுக்கும் தேயிலைக்கு நூறு பவுண்டு வரை நான் பொறுப்பு என்று ஒருவர் ஜாமீன் நிற்கிறார். வாங்கியவர் முதலில் பணம் கட்டிவிடுகிறார். பிறகு இருநூறு பவுண்டுக்கு வாங்கிவிட்டுக் கட்டவில்லை. ஜாமீன்தாரர் நூறு பவுண்டுக்கு மாட்டினார். அடுத்த உதாரணம் ஐந்து மூட்டை மாவு. அந்த ஐந்துக்கு மட்டும் ஜாமீன், அதற்குப் பணமும் வந்துவிட்டது. அப்புறம் போன நான்கு மூட்டைக்கு அவர் பொறுப்பில்லை. ‘அவ்வப்போது’ இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாமே. மைத்துனர் கணக்கு தேயிலைக் கணக்கு. மகன் அதை மாவு என்று நினைத்துவிட்டார்.

"முதல்ல கடன் வாங்குனவனைப் பிடிக்கட்டும்" என்பதும் எடுபடாது. 128 ஆவது பிரிவைப் பாருங்கள்: பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கவுன்ட்டரில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். தெரிந்த சொல்லையும் கோடிடுங்கள், ‘டே’, ‘மன்த்’ உட்பட. பொருள் வரையறைப் பகுதியை முதலில் படியுங்கள். தமிழில் கையெழுத்துப் போடுபவர்களிடம், ‘தமிழில் விளக்கினார்கள், புரிந்துகொண்டேன்’ என்று தனித்தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தத் தாளும் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான்! விளக்காமல் நீட்டினால் போடாதீர்கள். பிறகு ‘புரியவில்லை’ என்ற வாதத்துக்கு அதுவே எதிர்ச்சாட்சி.

2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன், சிறுதொழில் டேர்ம் லோன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை வைத்து ஜாமீன் பத்திரத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

ஏற்கெனவே தொடர் ஜாமீன் போட்டுவிட்டவர்களுக்கு: இனிமேல் எடுக்கப்போகும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு அறிவிப்புக் கொடுக்க 130 ஆவது பிரிவு வழி விடுகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறதா, ‘வெய்வ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் சிக்கல், வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றால் கடிதத்தை இன்றைக்கே கொடுத்து, நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். வாயால் மேனேஜரிடம் சொன்னதை நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் ஆகாது.