அட்டோல்: பவளத்தீவா, பவள வளையமா?

சித்தப்பா மகன் கொச்சியில் கப்பல் ஏறி லட்சத்தீவு போய்விட்டு மயிலாடுதுறை திரும்பினான். “அட்டோல் பார்த்துட்டு வந்தேன் பெரியம்மா” என்று அம்மாவிடம் சொன்னான். அப்படின்னா என்ன என்று அம்மா கேட்க, “பவளத்தீவு” என்றான். அம்மாவின் கை தானாகத் தாலிச்சரட்டுக்குப் போனது. அதில் குண்டுகளுக்கு நடுவே இரண்டு பவளமணி கோத்திருக்கிறது. “இது விளையுற தீவா?”

இல்லை. தாலியில் கோக்கும் சிவப்புப் பவளம் காலங்காலமாக மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. தீவு கட்டும் பவளம் வேறு. மிளகளவு உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன, அவை செத்தபின் கூடு வெள்ளைக் கல்லாக நிற்க, அதன்மேல் அடுத்த தலைமுறை ஏறிக் கட்டுகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு முருகைக்கல் என்று தனிச்சொல்லே உண்டு, நல்ல சொல்.

சரி, அட்டோல் எங்கிருந்து வந்தது? மாலத்தீவிலிருந்து. அங்கே பேசும் திவேகி மொழியில் அது அத்தொளு. பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் போன கப்பல் 1602இல் மாலத்தீவில் பாறை தட்டி உடைந்தது, அவர் 1607 வரை அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு ஊர் திரும்பி எழுதியதில் இந்தச் சொல்லும் இருந்தது, அது 1625இல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. மலையாளத்தின் அடல் என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடும் ஆங்கில அகராதிகளும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அந்த ஊர்க்காரர்களே தினமும் புழங்கும் சொல் கண்முன் இருக்கிறதே.

அறிவியல் சொல்லாக இதை நிலைக்க வைத்தவர் டார்வின், 1842இல். எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது, தீவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் அமிழ்கிறது, பவளம் மட்டும் வெளிச்சத்தை விடாமல் மேலே மேலே கட்டிக்கொண்டே வருகிறது, கடைசியில் நடுவில் இருந்த மலை மறைந்து சுற்றியிருந்த வளையம் மிஞ்சுகிறது என்றார். 1952இல் பசிபிக்கில் எனிவெட்டாக் என்ற அட்டோலில் துளை போட்டுப் பார்த்தார்கள். 1,200 மீட்டருக்கும் கீழே போன பிறகுதான் எரிமலைப் பாறை தட்டியது, அதுவரைக்கும் பவளச் சுண்ணாம்புதான்!

ஆக, அட்டோல் என்பது தீவு இல்லை, வளையம். பவளத்தீவு என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். லட்சத்தீவின் பங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே வளையம், அதற்குள் பங்காரம், தின்னகரா, பரளி என்று தனித்தனி மணல் நிலங்கள். வளையமும் பவளத்தீவு, அதிலிருக்கும் ஒவ்வொரு துண்டும் பவளத்தீவு என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் வென்றதாக வரும் “முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்” மாலத்தீவுதான் என்பது பலர் கொள்ளும் கருத்து. அங்கே எண்ணியிருப்பது துண்டுகளை. தீவு என்ற சொல்லுக்கு அந்த வேலை ஆயிரம் வருடமாக இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

தண்ணீருக்கு நடுவே நிற்கும் நிலத்துக்குக் காவிரிக்காரர்களிடம் சொல்லா இல்லை? அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை, திட்டு. கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால் படகில் போய்ச் சோறு கொடுத்துவிட்டு வருகிறோமே, அந்தத் திட்டு. ஆறு அதை ஒரு பக்கம் அரிக்கும், இன்னொரு பக்கம் மணலைச் சேர்க்கும். வளையத்தின்மேல் அலை கொண்டுவந்து சேர்த்த மணலும் அதே சுபாவம்தான், பரளியில் ஒரு துண்டைக் கடலே கரைத்துக் கொண்டுபோய்விட்டது. வட்டப் பவளத்திட்டு என்று அட்டோலுக்கே எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் திட்டு என்றதும் நம் ஊர்க்காரருக்கு மணல் மேடுதான் தோன்றும், வளையம் தோன்றாது. என் கணக்கில் மொத்தத்துக்கும் பவள வளையம், அதன்மேல் இருக்கும் நிலம் திட்டு, நடுவில் அடங்கிய தண்ணீர் காயல்.

அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பார்த்தேன். கப்பல் வளையத்துக்கு வெளியே ஆழக்கடலில், கருநீலத் தண்ணீரில் நின்றுவிட்டது, உள்ளே ஆழம் போதாது. சித்தப்பா மகன் நடுக்கடலிலேயே ஆட்டத்தோடு சின்னப் படகுக்கு இறங்கினான், படகு வளையத்தில் இருந்த வாய் வழியாகக் காயலுக்குள் நுழைந்ததும் அலை அடங்கிப்போய்த் தண்ணீர் பச்சையானது, அடியில் மணல் தெரிந்தது, அப்புறம் திட்டில் ஏறினான்.

“முத்துப்பேட்டையில படகுல போனோமே, அந்த மாதிரி உள்தண்ணியா?” என்றார் அம்மா. அங்கே சுற்றி அலையாத்திக் காடு, இங்கே சுற்றிப் பவளம் என்றேன்.