வனக்குழுவில் பெண்கள் உட்கார்ந்தால் காடு ஏன் அடர்கிறது?

பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்களா? விறகுக்கும் புல்லுக்கும் தினமும் காட்டுக்குள் போகிறவர்கள் கிராமத்துப் பெண்கள். காட்டைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தால் காடு மிஞ்சாது என்றுதான் முதலில் தோன்றும். பொருளாதார அறிஞர் பினா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் 135 சமூக வனக்குழுக்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது நேர்மாறானது. செயற்குழுவில் பெண்களின் பங்கு அதிகமாக இருந்த ஊர்களில் காட்டின் நிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது.

பின்னணியைக் கொஞ்சம் பார்ப்போம். சிதைந்த காடுகளை வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களும் பாதுகாக்கலாம், பலனிலும் பங்கு பெறலாம் என்று இந்திய அரசு 1990இல் சுற்றறிக்கை விட்டது. நேபாளத்தின் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டைப் பயனாளர் குழுக்களிடமே ஒப்படைக்க வழி செய்தது. காடு எப்போது திறக்கும், எதை எடுக்கலாம், மீறினால் எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் முடிவு செய்வது சின்னதொரு செயற்குழு. வனக்குழுவிலோ பல இடங்களில் வீட்டுக்கு ஒருவர்தான் உறுப்பினர். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. தப்பித் தவறிக் கூட்டத்துக்கு வந்த பெண்களும் பின்வரிசையில்தான்.

ஆண்கள் மட்டும் இருந்த குழுக்கள் பலவும் செய்த முதல் வேலை, காட்டை மூடியது. அவர்களுக்குக் காட்டிலிருந்து வேண்டியது பெரும்பாலும் மரம்: வீடு கட்டும்போதோ கலப்பை செய்யும்போதோ. ஆறு மாதம் பொறுக்கலாம். அடுப்பு ஒரு வேளைகூடப் பொறுக்காது. ஆகவே விதியை மீறுவதும் அபராதம் கட்டுவதும் பெண்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க் காட்டுக்குக் கூடுதல் தூரம் நடப்பார்கள். நம் ஊர்க் காடு தழைக்கும், அடுத்த ஊர்க் காடு மொட்டையாகும்.

சரி, ஆனால் நல்ல காடு கிடைத்த ஊர்களில்தான் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்களோ? அப்படியானால் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடுமே. நியாயமான சந்தேகம். நேபாளத்தில் பெண்கள் மட்டுமே இருந்த செயற்குழுக்கள் இங்கே கைகொடுக்கின்றன. மற்றவர்களைவிட அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிய, அதிகம் சிதைந்த காடு. ஓட்டப்பந்தயத்தில் நாலடி பின்னால் நிறுத்தப்பட்ட மாதிரி. அப்படியிருந்தும் புதுக்கன்று முளைப்பதிலும், மரங்களின் இலைக்கூரையான இலைவிதானம் விரிவதிலும் அவர்களே முந்தினார்கள்.

இது எப்படி நடக்கிறது? பெரும்பங்கு காவலில் இருக்கிறது. ஒரு காட்சி: ஆண் காவலர் ஒருவர் சுற்றி வருகிறார். எதிரே சும்மாட்டின் மேல் பச்சை விறகுக் கட்டோடு ஒரு பெண். கட்டைப் பிடித்து இறக்கினால், கையைப் பிடித்தான் என்று பேச்சு வரும், ஊர் கூடும். அவர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த இடத்தில் இரண்டு பெண்கள் நின்றால் கதை வேறு. கட்டையும் இறக்குவார்கள், அரிவாளையும் வாங்கி வைப்பார்கள், எதற்காக மூடியிருக்கிறது என்று உட்கார்ந்தும் பேசுவார்கள். யார் எந்த வழியாக உள்ளே நுழைவார், எந்த மரத்தில் கை வைப்பார் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. நேற்றுவரை அதே வழியில் போனவர்கள்தானே! எந்தச் செடியை எப்படி வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்ற அறிவும் அப்புறம்தான் குழுவுக்குள் வருகிறது.

பெண்கள் வந்தால் விதியைத் தளர்த்திவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நேபாளத்தின் பெண்கள் குழுக்களோ மற்றவர்களைவிடக் கறாரான விதிகளைப் போட்டன. தங்கள் அடுப்பையே பாதிக்கும் விதி! ஆனால் அது கூடி உட்கார்ந்து அவர்களே போட்டது. அதனால்தான் கடைப்பிடிப்பதும் கூடியது.

இதற்கு ஒரே ஒரு பெண்ணைக் குழுவில் சேர்த்தால் போதுமா? போதாது. பத்து ஆண்களுக்கு நடுவே ஒருத்தி இருந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அணு இயற்பியலில் மாறுநிலை நிறை என்பார்களே, ஓர் அளவைத் தாண்டினால்தான் தொடர்வினை பிடிக்கும். இங்கே அந்த அளவு, நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. அதை எட்டும்போதுதான் பெண்கள் கூட்டத்துக்கு வருவது, வாய் திறப்பது, பொறுப்பு வகிப்பது எல்லாம் குறிப்பிடும்படி கூடுகின்றன. எண்ணிக்கையோடு அந்தப் பெண்களின் பொருளாதார வசதியும் சேர்ந்தே வேலை செய்கிறது. சொந்த நிலத்து வரப்பில் மரம் வைத்திருப்பவளுக்குக் காடு மூடினால் அவ்வளவு உறைக்காது, நிலமில்லாதவளுக்கு அன்றைக்கே உறைக்கும்.

இன்னொன்று, வயது. மாமனார் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் புது மருமகள் முக்காட்டை விலக்கி எதிர்த்துப் பேசுவது இந்த ஊர்களில் லேசில் நடக்காது. மாமியார் வயதுக்காரிக்கு அந்தக் கட்டு இல்லை. அவள் அதட்டினால் ஆண்களும் கேட்பார்கள். செயற்குழுவில் மூத்தவர்கள், குறிப்பாக மூத்த பெண்கள், இருந்த இடங்களில் காடு இன்னும் தேறியிருந்ததாக அகர்வாலின் கணக்கு காட்டுகிறது.