பெட்டைக்குள் ஒரு சேமிப்பறை

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “12 முட்டை அடை வைத்தேன். 11 பொரித்தது. வளர்ந்து பார்த்தால் 7 சேவல், 4 பெட்டை. தகப்பன் சேவலை முன்பே விற்றுவிட்டேன். பழைய பெட்டைகள் 5 இருக்கின்றன. இப்போது சேவல்களுக்கு ஐந்து மாதம் ஆகிறது. ஒரே சண்டை. பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. எத்தனை சேவலை வைத்துக்கொள்ளலாம்? மீதியை என்ன செய்வது?”

முதலில், இது யாருடைய குற்றமும் இல்லை. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அதனால் குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாயிடமிருந்து எது வருகிறது என்பதைப் பொறுத்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபடும் நேரத்தை ஒட்டியே அது முடிவாகிவிடுகிறது. முட்டைக்கு வடிவம் கிடைப்பது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான். நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பொறுக்கி அடை வைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதில் பலன் இல்லை.

சரி, எத்தனை சேவல் வேண்டும்? 9 பெட்டைக்கு ஒன்று போதும். “ஒன்றே ஒன்றா? எல்லாம் கூமுட்டையாகப் போய்விடாதா?” என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் ஏன் தேவையில்லை என்பதற்கான காரணம் பெட்டையின் உடம்புக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாடு அதிகம் இல்லை.

என் சின்ன வயதில் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுச் சேவல் குழம்பாகிவிட்டது. வேறு சேவல் இல்லை. பத்து நாள் கழித்துப் பெட்டை இட்ட முட்டைகளை அடை வைத்தபோது, வீண் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 21ஆம் நாள் பஞ்சாரத்துக்குள்ளிருந்து கீச் கீச் சத்தம். பக்கத்துத் தெருச் சேவல் வந்திருக்கும் என்று பாட்டி முடிவு கட்டினார். அப்படி ஒன்று வர வேண்டிய தேவையே இல்லை என்பது பல வருடம் கழித்துக் கல்லூரியில்தான் தெரிந்தது.

மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டதும் புனல் போன்ற ஒரு வாய் அதை ஏந்திக்கொள்கிறது. கருவுற வேண்டுமானால் அங்கேயே, சுமார் கால் மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளைக்கரு மூடிக்கொள்ளும், சவ்வு வரும், ஓடு வரும். விந்தணு நுழைய வழியே கிடையாது. அந்தக் கால் மணி நேரத்தில் சேவல் எங்கோ குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். விந்தணு மட்டும் புனலில் எப்படிக் காத்திருக்கிறது?

ஓடு உருவாகும் பகுதி முடிந்து வெளிவழி தொடங்கும் இடத்தில், சுவரின் மடிப்புகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனை மூடிய சின்னப் பை. சேவல் ஒருமுறை மிதித்தால் கோடிக்கணக்கான விந்தணுக்கள் உள்ளே போகின்றன. பெரும்பாலானவை வழியிலேயே கழிந்துவிட, மிகச் சிறிய பங்குதான் இந்தக் குழாய்களை எட்டுகிறது. எட்டியவை அங்கே ஒன்றையொன்று ஒட்டி அடங்கிக் கிடக்கின்றன. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அந்தச் சூட்டில், உடம்புக்கு வெளியே ஒரு நாளைத் தாண்டுவதே விந்தணுவுக்குக் கடினம். குழாய்க்குள்ளோ இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கிறது. வான்கோழியில் பத்து வாரம் வரைகூட. பெண்ணின் உடலில் மனித விந்தணு தாங்குவது ஐந்து நாள்தான்.

எப்படி? ஜப்பானியக் காடையில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு விடை தந்தது. அந்தக் குழாய்களில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. அது விந்தணுவின் வாலாட்டத்தை நிறுத்தி வைக்கிறது. ஓடாத வண்டிக்கு எரிபொருள் செலவில்லை அல்லவா? அடுத்த மஞ்சள் கரு விடுபடும் வேளை நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, கொஞ்சம் விந்தணுக்கள் வெளியே வந்து புனலை நோக்கிப் புறப்படுகின்றன. மீதி அடுத்த முட்டைக்கு. ஒரு ஈடு முட்டை இட்டு முடிப்பதற்குள் சேவலை நரி தூக்கிப் போனாலும் குஞ்சு பொரிக்கும். காட்டுக்கோழிக்கு இது எவ்வளவு பெரிய காப்பு!

பெட்டை சேமிப்பதோடு நிற்பதில்லை. கூட்டத்தில் கீழ்நிலையில் இருக்கும் சேவல் மிதித்தால், அதன் விந்தை உடனே வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. 2000இல் இது ஆய்வில் பதிவானது. ஆக, உங்கள் வீட்டு ஆறு கூடுதல் சேவல்களால் குஞ்சு எண்ணிக்கை கூடப்போவதில்லை, பெட்டைகளின் முதுகுதான் கிழியும்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம். முட்டைக்காக வளர்க்கும் இனங்களில் ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அங்கே பண்ணைகளுக்கு வந்துவிட்டன. நம் சிறுவிடை, பெருவிடைக் கோழிகளுக்கும், அஞ்சாறு முட்டை வைத்திருக்கும் வீட்டுக்கும் உதவுகிற மலிவான வழி ஒன்றைத் தேட நம் கால்நடைப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். புறக்கடைக் கோழி என்பது எத்தனையோ பெண்களின் கைச்செலவுக் காசு.

இனி உங்கள் ஏழு சேவல்கள். அவை அந்தப் பெட்டைகளுக்கு மகன்கள் அல்லது உடன்பிறப்புகள். அதனால் ஒன்றைக்கூட இனத்துக்கு வைக்காதீர்கள். நல்லதாக ஒன்றை வேறு ஊரில் கொடுத்து, உறவில்லாத சேவலை மாற்றி வாங்குங்கள். மற்றவற்றைப் பெட்டை கண்ணில் படாத தனி அடைப்புக்கு மாற்றினால் சண்டை பெரும்பாலும் தணியும். சேர்ந்து வளர்ந்தவை என்பதால் இன்னும் எளிது. ஆடி மாதக் கோவில் கொடைகள் நெருங்கும்போது கறிக்கு நல்ல விலை போகும். காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விடுபவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

புதுச் சேவல் வந்த மறுநாளே அடை வைக்க அவசரப்பட வேண்டாம். பழைய சேவல்களின் விந்தணு பெட்டைக்குள் இன்னும் இருக்கிறது. பிரித்த நாளிலிருந்து மூன்று வாரம் இடும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி அடை வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி போலச் சிவப்பு நரம்புகள் தெரியும்.