மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்: சொல் விளக்கம்

மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் இந்தத் தொடர், நோய் இன்னது என்று சொல்வதே இல்லை. எது இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது.

கிரேக்கத்தில் 'மெலஸ்' என்றால் கருப்பு. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் ஈறு. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றுவது மெலனோமா, தமிழில் கரும்புற்று. அது நீங்கலாகத் தோலில் வரும் புற்றுகள் அனைத்தையும் 'அல்லாத' என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை உரிய நேரத்தில் வெட்டியெடுத்தால் குணமாகக்கூடியவை. ஆனால் அரிதாக வரும் மெர்க்கல் உயிரணுப் புற்றும் இதில்தான் சேர்கிறது. அது கரும்புற்றைவிடக் கொடியது. 'அல்லாத' என்பதை 'ஆபத்தில்லாத' என்று படித்துவிடக் கூடாது.

இவற்றுள் முக்கியமானவை இரண்டு. தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் இருக்கும் உயிரணுக்களை ஒத்திருப்பது அடித்தள உயிரணுப் புற்றுநோய். 1827இல் டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், இமையிலும் முகத்திலும் வரும் விசித்திரமான புண் என்று இதை விவரித்தார். பிறகு இதற்கு 'ரோடன்ட் அல்சர்' என்ற பெயர் வழங்கியது. 'ரோடெரே' என்ற லத்தீன் வினைக்குக் கொறித்தல், அரித்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ரோடன்ட்' எலி போன்ற கொறிக்கும் விலங்கையும் குறிப்பதால் 'எலிப்புண்' என்று பெயர்த்தால் எலி கடித்த புண் என்றாகிவிடும். 'அரிபுண்' என்பதே பொருந்தும். முத்துப்போல் பளபளக்கும் விளிம்பு, அதன்மேல் இழையோடும் சிறு இரத்தக்குழாய்கள், நடுவில் பொருக்கு. பொருக்கு உதிரும், இரத்தம் கசியும், ஆறியதுபோல் தோன்றும், மறுபடியும் பொருக்குக் கட்டும். உடலின் வேறிடங்களுக்குப் பரவுவது மிக அரிது. அப்படியே விட்டுவைத்தால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும்.

மற்றது 'ஸ்குவாமஸ்' வகை. லத்தீனில் 'ஸ்குவாமா' என்றால் மீன் செதிள். தோலின் மேற்புறத்தில் தட்டையாக அடுக்கியிருக்கும் உயிரணுக்களுக்கு இட்ட பெயர் அது. எனவே 'செதிள் உயிரணுப் புற்றுநோய்'. இது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. வெள்ளைத் தோலினருக்கு வெயில் பெரும் காரணம். இந்தியர்களிடமோ பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் இது முளைப்பதுண்டு. அதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். காஷ்மீரில் குளிருக்காக மேலங்கிக்குள் 'காங்கிரி' என்னும் கனல்சட்டியை வைத்துக்கொள்வார்கள். அதன் சூடு ஆண்டாண்டாகப் பட்டதால் தொடையிலும் அடிவயிற்றிலும் வந்த இந்தப் புற்றுக்கு, மருத்துவ நூல்கள் சட்டியின் பெயரையே சூட்டியிருக்கின்றன.

நமக்கு வெயிலால் வராது என்ற நம்பிக்கையில் பலர் தழும்புப் புண்ணுக்குக் களிம்பு தடவியே காலம் கடத்துகிறார்கள். வாரக்கணக்கில் ஆறாத புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அறிக்கை கைக்கு வந்ததும், அடித்தள வகையா, செதிள் வகையா, வேறா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை அந்தப் பெயரைப் பொறுத்தே அமைகிறது.